வயர்லெஸ்ஸில் பேசினால் ஜிபிஎஸ் அணைந்து எரிகிறது, எக்கோவும் விட்டுவிட்டு வருகிறது: எங்கே தேடுவது?

பாம்பன்காற்று:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். மரத்தில் கட்டி மேலே ஃபைபர் ஒட்டிய 55 அடி இழுவைப் படகு. 12 வோல்ட் 150 ஏஹெச் பேட்டரி இரண்டு, சீரியலில் சேர்த்து 24 வோல்ட். செல்ஃப், டைனமோ, டெக் எல்இடி லைட் எல்லாம் 24. விஎச்எஃப் வயர்லெஸ் (25 வாட்), ஜிபிஎஸ் பிளாட்டர் (வரைபடத்தில் படகு நிற்கும் இடம் காட்டுவது), எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பி ஆழம் காட்டுவது) மூன்றும் 12. இந்த மூன்றுக்கும் மேல் பேட்டரியிலிருந்து (சீரியல் ஜோடியில் 24-இன் பாசிட்டிவ் பக்கம் நிற்பது) மட்டும் ஒரு ஜோடி ஒயர் வீல் ஹவுஸுக்குப் போகிறது. 1.5 ஸ்கொயர் எம்எம், ஒரு வழித் தூரம் 8 மீட்டர் இருக்கும்.

வயர்லெஸ்ஸை 25 வாட்டில் வைத்துப் பேச பட்டனை அழுத்தினால் பிளாட்டர் அணைந்து மறுபடி எரிகிறது. ஆனால் எல்லா நேரமும் இல்லை. காலையில் சரியாக இருக்கும், ராத்திரி வந்துவிடும். 1 வாட்டில் பேசினால் ஒன்றும் ஆவதில்லை. இன்ஜின் ஸ்டார்ட் பண்ணும்போதும் சில நேரம் பிளாட்டர் அணைகிறது. எக்கோ, துறைமுகத்துக்குள் நன்றாகக் காட்டும். வெளியே கடல் கொந்தளிப்பாக இருந்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் காட்டாது, தானாக வந்துவிடும். கூடவே, டெக் எல்இடி போட்டால் வயர்லெஸ்ஸில் தூரத்துப் படகுகள் கேட்பதில்லை.

பிளாட்டர் பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12.5 வோல்ட் வருகிறது. பேட்டரியில் 12.6. எல்லா ஒயரும் அறாமல் இருக்கிறதா என்று மீட்டரில் கன்டினியூட்டி பார்த்தாயிற்று, பீப் அடிக்கிறது. பியூஸ் போகவில்லை. பிளாட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். தடைக்காலம் தொடங்குவதால் ஏப்ரல் 15 முதல் 61 நாள் படகு கரையில்தான். அதற்குள் சரி செய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

ஒயரிங்_பெட்டி:

பிளாட்டரை மாற்ற வேண்டாம். அது பழுதில்லை என்பதற்கு நீங்கள் எழுதியதிலேயே சாட்சி இருக்கிறது: 1 வாட்டில் ஒன்றும் ஆவதில்லை.

நீங்கள் எடுத்த 12.5 வோல்ட் அளவை மறந்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி அளந்தால் அந்த ஒயரில் கரண்டே ஓடவில்லை. மீட்டர் எடுக்கும் கரண்ட் இல்லாததற்குச் சமம். ஒயருக்குள் 30 இழையில் 29 இழை அற்றுப்போய் ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12.5 காட்டும். கன்டினியூட்டி பீப்பும் அதே கதைதான். விட்டுவிட்டு வரும் பழுதை லோடு ஓடும்போது வோல்ட் அளந்துதான் பிடிக்க முடியும்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 1.5 ஸ்கொயர் ஒயருக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.0133 ஓம். போக வர 16 மீட்டர், ஆக 0.21 ஓம். பிளாட்டரும் எக்கோவும் சேர்ந்து 2 ஆம்ப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒயரில் 0.4 வோல்ட் போகும். 25 வாட்டில் பட்டனை அழுத்தினால் வயர்லெஸ் மட்டும் 6 ஆம்ப்ஸ் வரை இழுக்கும். மொத்தம் 8 ஆம்ப்ஸ், ஒயரிலேயே 1.7 வோல்ட் காலி. இது புது ஒயருக்குள்ள கணக்கு. வழியில் எங்காவது களிம்பு பிடித்த இணைப்பு ஒன்று 0.1 ஓம் காட்டினால் இன்னொரு 0.8. பேட்டரி 12.2-ல் இருந்தால் பிளாட்டருக்குக் கிடைப்பது 9.7 தான். பெரும்பாலான பிளாட்டர்கள் 10 வோல்ட்டை ஒட்டி அணைந்துவிடும். காலையில் பேட்டரி நிறைந்திருக்கும், அந்த அரை வோல்ட்டில் தப்பித்துவிடுகிறது. ராத்திரி லைட் எரிந்து பேட்டரி இறங்கியதும் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறது.

இப்போது அளக்கும் முறை. எல்லாப் பிளக்கும் மாட்டியே இருக்கட்டும்.

1. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை மேல் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழின் மேலேயே இருக்க வேண்டும், கிளாம்பின் மேல் அல்ல. சிவப்பு முனை பிளாட்டர் பிளக்கின் பின்பக்கம் நெகட்டிவ் பின்னில். மீட்டர் ஒயர் எட்டாது. 10 மீட்டர் சாதாரண ஒயரை முதலைக் கிளிப்போடு நீட்டிக்கொள்ளுங்கள். இதில் கரண்ட் ஓடாததால் மெல்லிய ஒயரே போதும்.

2. ஒருவர் வயர்லெஸ் பட்டனை அழுத்தட்டும், மூன்று விநாடி. 16-வது சேனலில் செய்யாதீர்கள், அது அபாய அழைப்புக்கானது. ஆன்டெனா கழன்ற நிலையிலும் அழுத்தாதீர்கள், செட் எரியும். மீட்டர் காட்டுவதுதான் நெகட்டிவ் பக்கத்து இழப்பு.

3. இதேபோல் பாசிட்டிவ் குமிழிலிருந்து பாசிட்டிவ் பின் வரை.

4. அதே நேரத்தில் பேட்டரியின் இரு குமிழ்களுக்கிடையே எவ்வளவு என்பதையும் குறியுங்கள்.

இரண்டு பக்க இழப்பும் சேர்ந்து 3 சதவீதத்துக்குள், அதாவது 12-க்கு 0.36 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மூன்று எண்களையும் இங்கே போடுங்கள்.

வயர்லெஸ் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க முடியாதென்றால் அதற்குப் பதில் 60/55 வாட் எச்4 ஹெட்லைட் பல்ப் ஒன்றை வீல் ஹவுஸ் முனையில் மாட்டுங்கள். ஒரு இழை 5 ஆம்ப்ஸை ஒட்டி இழுக்கும். அணையாத லோடு, நிதானமாக அளக்கலாம். பல்ப் கடுமையாகச் சூடேறும், பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள்.

இழுவலை:

இதுக்கு இவ்வளவு கணக்கு எதுக்கு? இணைப்பு எல்லாத்தையும் பிரிச்சு சால்டர் வச்சு, மேல சிலிக்கான் அடிச்சு டேப் சுத்திடுங்க. தண்ணி ஏறாது.

ஒயரிங்_பெட்டி:

படகில் இரண்டுமே வம்பு. சால்டர் ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரைக் கம்பிபோல் விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடிகிற இடத்தில் இன்ஜின் அதிர்வுக்கு இழைகள் ஒவ்வொன்றாக அறும். மேலே இன்சுலேஷன் முழுசாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கட்டாயம் சால்டர்தான் என்றால் அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒயர் அசையாமல் கிளிப் அடித்திருக்க வேண்டும். சிலிக்கானில், வினிகர் வாடை வருகிற சாதாரண வகை, காயும்போது அமிலம் விடும், செம்பைத் தின்னும். இன்சுலேஷன் டேப் ஒரு கோடைக்குள் பசை விட்டுவிடும், பிறகு அது தண்ணீரை உள்ளே பிடித்து வைக்கத்தான் பயன்படும்.

மாலுமி24:

எல்லோரும் ஒயரையே பார்க்கிறீர்கள். எனக்கு அதைவிடக் கவலை "மேல் பேட்டரியிலிருந்து" என்று அவர் எழுதியிருப்பது.

24 வோல்ட் ஜோடியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுப்பது நம் கரையில் பாதிப் படகில் இருக்கிறது. டைனமோவுக்கு இது தெரியாது. அது மொத்தம் 28 வோல்ட் வந்தால் போதும் என்று நிறுத்திவிடும். 12 எடுக்கும் பேட்டரி எப்போதும் குறைச் சார்ஜில் இருக்கும், அடுத்தது கூடுதல் சார்ஜில் தண்ணீர் கொதித்து வற்றும். இன்ஜின் ஓடும்போது இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்று 13.2, மற்றது 14.8 என்று வந்தால் இதுதான் நடக்கிறது. ராத்திரியில் பிளாட்டர் அணைவதற்கு இதுவும் பாதிக் காரணமாக இருக்கும். ஹைட்ரோமீட்டர் (பேட்டரி அமிலத்தின் அடர்த்தி அளப்பது) இருந்தால் ஒவ்வொரு அறையையும் பாருங்கள். ஒரு பேட்டரிக்குள் அறைக்கு அறை 0.050-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பேட்டரி முடிந்தது.

மேல் பேட்டரியிலிருந்து எடுப்பதில் இன்னொரு ஆபத்து. உங்கள் வயர்லெஸ்ஸின் நெகட்டிவ், படகின் உண்மையான நெகட்டிவைவிட 12 வோல்ட் மேலே நிற்கிறது. ஆன்டெனா கேபிளான கோஆக்ஸின் வெளிப் பின்னல் பெரும்பாலான செட்களில் அந்த நெகட்டிவோடு சேர்ந்ததுதான். எக்கோவின் எர்த் ஒயரை யாராவது இன்ஜினில் கட்டினால், அல்லது ஆன்டெனா பிடிப்பிலிருந்து இரும்பு மாஸ்ட் வழியாக ஈரத்தில் ஒரு பாதை கிடைத்தால், 12 வோல்ட் பேட்டரி முழுவதும் அந்த மெல்லிய பின்னல் வழியாக ஷார்ட் ஆகும். வழியில் பியூஸும் கிடையாது, ஏனென்றால் பியூஸ் பாசிட்டிவில் இருக்கிறது. மரப் படகு என்பதால் இதுவரை தப்பித்திருக்கிறீர்கள். இரும்புப் படகாயிருந்தால் முதல் நாளே புகை.

வழி இரண்டுதான். 24-லிருந்து 12 ஆக்கும் டிசி கன்வெர்ட்டர், தொடர்ந்து 20 ஆம்ப்ஸ் கொடுப்பது (பெட்டியில் 20 என்று போட்டுவிட்டு 10-ல் கொதிக்கும் சரக்கு நிறைய வருகிறது, "தொடர்" என்ற அளவைப் பாருங்கள்). உள்ளே வரும் பக்கம் 15 ஆம்ப்ஸ் பியூஸ். செல்ஃப் அடிக்கும்போது 24 என்பது 19, 18 வரை இறங்கும். அந்த அளவிலும் கன்வெர்ட்டர் வேலை செய்யுமா என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். 20-க்குக் கீழே நிற்கும் வகையை மாட்டினால் ஸ்டார்ட் பழுது அப்படியே தொடரும். இரண்டாவது வழி, எலெக்ட்ரானிக்ஸுக்கென்று தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியும், அதற்கு 24-லிருந்து சார்ஜ் ஏற்றும் சார்ஜரும். செலவு கூட, ஆனால் இன்ஜின் பேட்டரி செத்தாலும் வயர்லெஸ் பேசும். ஆழ்கடலுக்குப் போகிற படகென்றால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பாம்பன்காற்று:

அண்ணே, சொன்னபடி அளந்தேன். 25 வாட்டில் பட்டனை அழுத்தும்போது:

பேட்டரி குமிழ்களில் 12.2
பாசிட்டிவ் பக்க இழப்பு 0.9
நெகட்டிவ் பக்க இழப்பு 1.7
பிளாட்டர் பின்னில் 9.6

இன்ஜின் ஓடும்போது மேல் பேட்டரி 13.3, கீழ் பேட்டரி 14.7. மாலுமி அண்ணன் சொன்னது அப்படியே.

எக்கோ பற்றி ஒன்று: திரை அணைவதில்லை. வெளிச்சம் இருக்கிறது, ஆழ எண் மட்டும் போய்விடும், தரைக் கோடு மறைந்துவிடும்.

ஒயரிங்_பெட்டி:

நல்ல அளவுகள். 8 மீட்டர் 1.5 ஸ்கொயருக்கு 8 ஆம்ப்ஸில் ஒரு பக்கம் 0.85 வரவேண்டும். பாசிட்டிவ் 0.9 என்பது ஒயரின் சொந்த இழப்பு மட்டுமே. அந்தப் பக்கத்து இணைப்புகள் பரவாயில்லை. நெகட்டிவில் 0.8 வோல்ட் அதிகப்படி. அதாவது ஒரே ஒரு இடத்தில் 0.1 ஓம் உட்கார்ந்திருக்கிறது. பட்டனை அழுத்தும்போது அந்த இடத்தில் 6 வாட்டுக்கு மேல் சூடாகிறது.

அதைக் கண்டுபிடிக்க: கறுப்பு முனையை நெகட்டிவ் குமிழிலேயே விட்டுவிடுங்கள். எச்4 பல்ப் எரியட்டும். சிவப்பு முனையைக் குமிழிலிருந்து வீல் ஹவுஸ் நோக்கி ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள்: கிளாம்ப், லக் (ஒயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோக வாய்), ஜங்ஷன், சுவிட்ச் இருந்தால் அதன் இரு பக்கமும், பலகைக்குப் பின்னால் உள்ள முனை, பிளக். ஒயர் நெடுக எண் மெதுவாக ஏறும். எந்த இணைப்பைத் தாண்டியதும் சட்டென்று அரை வோல்ட் அளவுக்குக் குதிக்கிறதோ அதுதான் ஆள். பல்ப் 5 ஆம்ப்ஸ்தான் என்பதால் 0.8-க்குப் பதில் 0.5 அளவில் குதிக்கும். ஒன்றும் குதிக்கவில்லையென்றால் ஒயரை ஒவ்வொரு சாணாக வளைத்து ஆட்டிக்கொண்டே பல்பைப் பாருங்கள். மங்கும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கிறது.

சுவிட்ச், பியூஸ் ஹோல்டர் எதிலும் இரு முனைகளுக்கிடையே 0.1-க்கு மேல் வந்தால் மாற்றிவிடுங்கள், சுரண்டிப் பயனில்லை. கண்ணாடி பியூஸ் போடும் திருகு வகை ஹோல்டரில் ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்துவிடும். பியூஸ் நன்றாக இருக்கும், அலையில் ஆடினால் கான்டாக்ட் விடும்.

பாம்பன்காற்று:

இன்ஜின் அறையில், பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றுவது) நெகட்டிவும் வீல் ஹவுஸ் நெகட்டிவும் சேருகிற இடத்தில் குதிக்கிறது. நான்கு ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. பிரித்தால் பச்சையாக இருக்கிறது, ஒயரின் உள்ளே செம்பு கறுப்பு. இதை மட்டும் சரி செய்தால் போதுமா?

ஒயரிங்_பெட்டி:

போதாது. அதைச் சரி செய்தாலும் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 1.8 வோல்ட் இழப்பு மிச்சம். இன்றைக்கு வேலை செய்யும், அடுத்த ஐப்பசி மழையில் திரும்ப வரும். கறுப்பு, இன்சுலேஷனுக்குள் தண்ணீர் உறிஞ்சி ஏறியதால் வந்தது. சீவச் சீவக் கறுப்பாகவே வந்தால் அந்த ஒயர் வேண்டாம். கறுத்த செம்பில் லக் அடித்தால் முதல் நாளே இழப்போடுதான் தொடங்குகிறீர்கள்.

படகு கரையில் இருக்கும்போதே மொத்தமாக இழுத்துவிடுங்கள். கன்வெர்ட்டரை வீல் ஹவுஸுக்குள் வைத்தால் நீள ஓட்டம் 24 வோல்ட்டில் போகும், கரண்ட் பாதி. அப்போது 6 ஸ்கொயர் ஈயம் பூசிய செம்பு தாராளம்: 5 ஆம்ப்ஸுக்கு 0.3 வோல்ட்டுக்குள்தான் போகும், அதுவும் 24-ல். தனி 12 வோல்ட் பேட்டரியைக் கீழேயே வைக்கப்போகிறீர்கள் என்றால் 10 ஸ்கொயர். 8 ஆம்ப்ஸில் 0.25 வோல்ட், கணக்குக்குள் வரும்.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் முதல் பியூஸ். பியூஸ் காப்பது ஒயரை, செட்டை அல்ல. மேலே பிளேடு பியூஸ் பெட்டி ஒன்றும் நெகட்டிவ் ஒயர்களெல்லாம் சேரும் உலோகப் பட்டையான பஸ்பார் ஒன்றும். அங்கிருந்து வயர்லெஸ்ஸுக்குத் தனியாக 2.5 ஸ்கொயர், 10 ஆம்ப்ஸ் பியூஸ். பிளாட்டருக்கும் எக்கோவுக்கும் தனித்தனி 1.5, செட் புத்தகத்தில் சொன்ன பியூஸ். ஒரே முனையில் இரண்டு செட்டை மாட்டாதீர்கள். பில்ஜ் பம்ப் நெகட்டிவ் இந்தப் பக்கமே வரக்கூடாது, அது நேராகப் பேட்டரிக்கு.

லக் வட்ட வாய் உள்ளது, கவை வாய் வேண்டாம். திருகு தளர்ந்தால் கவை நழுவிவிடும். கொறடில் நசுக்காமல் ராட்செட் கிரிம்பிங் டூலில் அடியுங்கள். அடித்ததும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள், உருவிக்கொண்டு வந்தால் இப்போதே வரட்டும். மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். சூடாக்கும்போது இரு முனையிலும் பசை பிதுங்கினால்தான் மூடியதென்று அர்த்தம். சுத்தமாக முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம். முறுக்குவதற்கு முன் அல்ல. பேட்டரியில் கை வைக்கும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

அலைவரிசை156:

எல்இடி விஷயத்தை யாரும் தொடவில்லை. அது ஒயர் பழுதல்ல, ரேடியோ இரைச்சல். எல்இடி விளக்குக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் வேகமாக ஆன் ஆஃப் ஆகிறது, மலிவு விளக்கில் ஃபில்டர் இருக்காது. அந்த இரைச்சல் 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரை பரவி விஎச்எஃப்பையும், படகுகள் தம் இருப்பிடத்தைத் தானாக அறிவிக்கும் ஏஐஎஸ்ஸையும் சேர்த்து மூடிவிடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-ல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதில் சொன்ன சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம்:

எல்இடி எல்லாவற்றையும் அணையுங்கள். வயர்லெஸ்ஸில் யாரும் பேசாத சேனலுக்குப் போங்கள். ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் குமிழ்) திறந்து இரைச்சல் கேட்கும் வரை திருப்பி, அது சரியாக அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் இரைச்சல் வெடிக்கிறதோ அது குற்றவாளி. புதுக் கன்வெர்ட்டர் வந்ததும் அதற்கும் இதே சோதனை.

மாஸ்டில் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் விளக்கு இருந்தால் முதலில் அதைத் தள்ளி வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஃபெரைட் வளையம், 31 அல்லது 43 வகை, விளக்கின் ஒயர் இரண்டையும் சேர்த்து மூன்று சுற்று, விளக்கை ஒட்டியே. பேனல் பக்கம் போட்டால் பயன் குறைவு, நடுவில் உள்ள ஒயர் முழுவதும் ஆன்டெனாவாகிவிடும். அதற்கும் மசியாத விளக்கைத் தூக்கிப் போடுவதுதான் மலிவு.

அப்படியே ஆன்டெனா கனெக்டரையும் திறந்து பாருங்கள். வழக்கமாகப் போடும் பிஎல் 259 கனெக்டர் தண்ணீர் புகாத வகை அல்ல. உள்ளே பச்சை தெரிந்தால் கேபிளை ஒரு சாண் வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கோஆக்ஸ் ஆர்ஜி 58 ஆக இருந்து 15 மீட்டர் ஓடினால் 25 வாட்டில் பாதி வழியிலேயே போய்விடும். ஆர்ஜி 213 போடுங்கள்.

மாலுமி24:

எக்கோ: திரை எரிகிறது, தரைக் கோடு மட்டும் போகிறது என்றால் பவர் பழுது இல்லை. கொந்தளிப்பில் மட்டும் வருவதால் எனக்குச் சந்தேகம் காற்றுக் குமிழி மேல்தான். படகு தூக்கிப் போடும்போது டிரான்ஸ்டியூசர் (படகின் அடியில் எக்கோவின் ஒலியை அனுப்பி வாங்கும் பகுதி) முகத்தில் குமிழி அடைந்து ஒலியைத் தடுத்துவிடும், படகு அமர்ந்ததும் கோடு வந்துவிடும்.

உறுதி செய்ய, தண்ணீரில் இருக்கும்போதே துறைமுகத்தில் நியூட்ரலில் ஆர்பிஎம்மை மெதுவாக ஏற்றுங்கள். படகு நகராமல் ஆர்பிஎம்மோடு சேர்ந்து திரையில் புள்ளியும் கோடும் ஏறினால் டைனமோ இரைச்சல். டிரான்ஸ்டியூசர் கேபிளை டைனமோ ஒயரோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள், பிரித்து விலக்குங்கள். நியூட்ரலில் சுத்தமாக இருந்து ஓட்டத்திலும் அலையிலும் மட்டும் கெட்டால் குமிழி. அதே நேரம் கேபிளையும் பிளக்கையும் ஆட்டிப் பாருங்கள், அப்போது கோடு போனால் மட்டும் பின்னைச் சந்தேகிக்கலாம். டிரான்ஸ்டியூசரை மல்டிமீட்டரில் ஓம் பார்த்து முடிவு கட்டாதீர்கள். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வகை குறைந்த ஓம் காட்டும், இல்லாத வகை ஒன்றுமே காட்டாது, இரண்டும் நல்லதாகவே இருக்கலாம். மிச்சமாகச் சுருட்டி வைத்த கேபிளையும் வெட்டாதீர்கள்.

படகு மேலே ஏறியதும் டிரான்ஸ்டியூசருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் வெளியேறும் ஓட்டையோ துருத்திய போல்ட்டோ பலகை விளிம்போ அதற்கு நேர் முன்னால் இருந்தால் அது விடும் குமிழி நேராக இதன் மேல்தான் வரும். முகத்தில் ஒட்டிய சிப்பியைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, 220 அல்லது அதைவிட நைசான வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். அடிப்பாகத்துக்கு அடிக்கும் பெயின்டை அதன் மேல் அடிக்க விடாதீர்கள். கரையில் பெயின்ட் அடிக்கிறவர்கள் சேர்த்து அடித்துவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே காகிதம் ஒட்டி மூடிவையுங்கள். பூசியே ஆகவேண்டுமென்றால் டிரான்ஸ்டியூசருக்கென்று விற்கும் தண்ணீர் அடிப்படையிலான பூச்சு, ஒரே மெல்லிய கோட்.